கள்ளிப்பழச் சிவப்பு

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் மச்சான் சென்னிமலை எங்கள் வீட்டுக் கழிவறைக் கதவைத் திறந்து, லுங்கியை இரண்டு கையாலும் பிடித்தபடி, "மாப்ள, எனக்கு ரத்தமா போகுதுங்க" என்றார். என் மனைவி வைஷாலியின் அண்ணன் அவர். மாதேஸ்வரன் மலைப்பக்கத்து மார்டள்ளியிலிருந்து கொத்தனார் வேலைக்கு மைசூர் வந்து எங்களோடு தங்கியிருந்தார். மூன்றாம் மாடிச் சாரத்தில் நின்று பீடி பற்றவைக்கிற ஆளின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

எனக்குக் காரணம் தெரியும். முந்தின நாள் ரிங் ரோட்டுக்கு அப்பாலிருந்த தரிசில் மூவருமாகச் சப்பாத்திக்கள்ளிப் பழம் பறித்தோம். பறித்தது மச்சான், மேற்பார்வை நான். கண்ணுக்குத் தெரியாத முள் அத்தனையும் மேற்பார்வைக்குத்தான் ஏறியது. அவர் இடுக்கியால் திருகி எடுத்து, மணலில் புரட்டி, வீட்டுக்கு வந்து அடுப்பில் ஒவ்வொன்றாகத் தீய்த்து, பிளந்து, நடுவிலிருந்த முள்முடிச்சைக் கத்தி முனையால் நெம்பி எறிந்தார். வைஷாலி சாற்றை வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஒரு பங்கை ஜாமாகவும் ஒரு பங்கைக் கார்ன்ஃப்ளவர் போட்டு அல்வாவாகவும் கிண்டினாள். மச்சான் வடிகட்டும்போதே இரண்டு டம்ளர் குடித்தார். அல்வாவில் பாதி அவருக்கே போனது. ஊரில் ஆடு மேய்த்த காலத்தில் ஒன்றிரண்டு தின்றவர்தான், டம்ளர் கணக்கில் குடித்தவரில்லை. நிறையத் தின்றால் மறுநாள் சிறுநீர் சிவக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று நான் யூடியூபில் பார்த்திருந்தேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்த மூன்று விஷயங்களில் அது ஒன்று.

அதைச் சொல்லியிருக்கலாம். நான் முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு, "எப்பலேர்ந்து மச்சான்?" என்று கேட்டு, போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டேன். "அக்காவுக்கு ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் ஊரிலிருக்கும் மனைவியை நினைத்துப் போனைப் பார்த்துக் கும்பிட்டார். "மாரக்கா, புள்ளையப் படிப்ப நிறுத்திப்போடாத. மாதேஸ்வரன் மலைக்கு மொட்டை போடறேன்னு வேண்டிக்க. நான் வாரனோ இல்லையோ..." மேலே பேச முடியாமல் அழுதார். பின்னால் கரண்டியோடு நின்ற வைஷாலிக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மத்தியானத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழு முழுக்கப் பார்த்துவிட்டது. மச்சானும் சிரித்தார். சுற்றியிருப்பவர்கள் சிரித்தால் கூடச் சிரித்துவிடுகிற மனிதர் அவர். அடுத்த மாதம் மார்டள்ளியில் ஒரு கல்யாணப் பந்தியில் பொடிசுகள் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, "மாரக்கா, மொட்டை போடறேன்" என்று அவர் இலைக்கு முன்னால் ஓடின. அப்படிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த நடன ஆசிரியர் நானேதான்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு அந்தப் பழத்தின் மேல் ஒரு வெறி வந்தது. ஞாயிறானால் பக்கெட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே, "அம்மிணி, ஜாம் இருக்குதா?" என்பார். "உங்கண்ணன் கள்ளிக்கே வாக்கப்பட்டுட்டாரு" என்று நான் வைஷாலியிடம் சொல்வேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்தேன். ஆள் மெலிந்துகொண்டு வந்ததும் என் கண்ணில் பட்டது. அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன்.

பிறகு அந்தத் தரிசை யாரோ லேஅவுட் போடுவதற்காக வாங்கி, ஒரே நாளில் ஜேசிபியால் கள்ளியை வேரோடு வாரிவிட்டார்கள். அன்று மச்சான் காலி பக்கெட்டோடு வந்து வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

போன வியாழக்கிழமை அவருக்கு அடுத்து நான் கழிவறைக்குப் போனேன். வெள்ளைப் பீங்கானின் விளிம்பில் இரண்டு சிவப்புச் சொட்டுகள். வெளியே வந்து, "என்ன மச்சான், ஒளிச்சுவெச்சு தனியா தின்றீங்களா?" என்றேன்.

"ஆமாங்க மாப்ள. பழந்தானுங்க." மிக வேகமாகச் சொன்னார்.

சமையலறையில் வைஷாலி திரும்பினாள். "எந்தப் பழம்? ஜாம் பாட்டிலக் கழுவி வெச்சு மூணு வாரமாச்சே" என்றவள் பாதியில் அண்ணனைப் பார்த்தாள்.

அவர் கொத்துக்கரணையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். வைத்ததை மறுபடி வெளியே எடுத்தார். "ஊர்க் கல்யாணத்துக்கு மொதநாளே ஒருக்கா வந்துச்சு. அப்ப ஒரு வாரமா பழமே திங்கல. அப்பறம் அடிக்கடி. அதுதான் தெனமும் தின்னுபோட்டேன். தின்னா, பழம்னு நெனச்சுக்கலாமுங்களே."

"ஏன்ணா, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" வைஷாலி அழ ஆரம்பித்திருந்தாள்.

"சொன்னா மாப்ள போனை எடுப்பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும், தார்ப்பாய் எடுத்துக்கோ என்பதுபோலச் சொன்னார். நான் போய்ச் செருப்பை மாட்டினேன்.

மண்டி மொஹல்லாவில் ஒரு லேபுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்து, "அர்தா சாக்கு" என்று, பாதி போதுமென விரலால் அளவு காட்டினாள். பிறகு என்னிடம், நேற்று பீட்ரூட் ஏதாவது சாப்பிட்டாரா என்று கன்னடத்தில் கேட்டாள். மச்சானுக்குக் கேள்வி புரிந்தது. சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று ஏங்குகிற பார்வை. என் வாழ்நாளில் எந்த ஜோக்குக்கும் எவரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

"இல்லா" என்றேன்.

அவர் உள்ளே போய்த் தாழிட்டார். உள்ளே குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பெஞ்சிலிருந்த கிழவர் ஒருவர் இரண்டு முறை கதவைத் தட்டினார். வெளியே வந்தபோது மச்சான் கோப்பையை நிறம் தெரியாதபடி தோள்துண்டால் சுற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். "இல்லி இடி" என்று அந்தப் பெண் அங்கே வைக்கச் சொல்லி மேசையைக் காட்டினாள். ஜன்னல் வெயிலில் ஏழெட்டுக் கோப்பைகள் வரிசையாக, வெளிர்மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்றுக்கு இடம் விட்டிருந்தது.