இலவசத்துக்கு ஏற்ற முகம்

தொலைக்காட்சி நிலையத்தில் அவரை எல்லோரும் 'பவுடர்' என்றுதான் கூப்பிடுவார்கள். விவாதத்துக்கு வருகிற பெரிய மனிதர்களின் வழுக்கை விளக்கில் மின்னாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அன்றைய விவாதம், எல்லோருக்கும் இலவச வைத்தியம் தேவையா என்பது. தேவையில்லை என்று முழங்க வந்திருந்த தர்ம ஆஸ்பத்திரித் தலைவர் ஒப்பனை நாற்காலியில் மல்லாந்து கிடந்தார்.

"எல்லாருக்கும் சும்மா குடுத்தா நாடு தாங்குமாய்யா? கட்ட முடியாதவனுக்கு மட்டும் குடுக்கணும்."

"அது யாருன்னு எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

"எங்க விசாரணை அம்மா மூஞ்சியப் பார்த்தே சொல்லிடுவாங்க."

பவுடருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டில் மனைவி பித்தப்பைக் கல்லோடு மாதக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு வழியில்லை. யார் காலில் விழுவது என்று தவித்துக்கொண்டிருந்தவருக்குக் கடைசியில் பார்த்தால் விஷயம் மூஞ்சியில்தான் இருக்கிறதாம். மூஞ்சி அவருடைய இலாகா அல்லவா!

மறுநாள் காலை மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கன்னத்தில் பள்ளம் தோண்டினார். கண்ணுக்குக் கீழே கருப்படித்தார். தொழில் பக்தி சும்மா விடுமா? உதட்டையும் வெளுத்துவிட்டார்.

"போதுங்க. நேரா பாடையில ஏத்திடப் போறாங்க," என்றாள் அவள்.

தர்ம ஆஸ்பத்திரியில் விசாரணை அம்மா பார்த்த மாத்திரத்தில் உச்சுக்கொட்டி, இலவசம் என்று உள்ளே அனுப்பினார். டாக்டரும் அதே பள்ளியில் படித்தவர் போலிருக்கிறது, மூஞ்சியைப் பார்த்தே கையை விரித்தார். "இந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது. தேத்திக் கூட்டிட்டு வாங்க."

பவுடர் பதறிப்போய் ஈரத்துணியால் அங்கேயே துடைத்துக் காட்டினார். "பாருங்க டாக்டர், குத்துக்கல்லு மாதிரி இருக்கா!"

"அப்ப காசு கட்டட்டும்," என்றது வாசலில் விசாரணை அம்மாவின் குரல். "யாரை ஏமாத்தப் பாக்குறீங்க?"

இருவரும் வராந்தா பெஞ்சில் வந்து விழுந்தார்கள்.

"சீக்காளியா இருந்தா ஆபரேஷன் இல்ல. நல்லா இருந்தா இலவசம் இல்ல," என்றாள் மனைவி. "ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூஞ்சி போடுங்க பாப்போம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். காலையில் அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த அந்த வெளிறல் இப்போது தானாக ஏறியது. இந்த முகத்தை வைத்தா விளையாடினோம் என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அவளை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"மறுபடியும் பூசிக்கிட்டு வந்தாச்சா?"

விசாரணை அம்மா அவர் தோளில் கிடந்த துணியைப் பிடுங்கி அவள் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தார். ஒன்றும் வரவில்லை. கண்ணுக்குக் கீழே தேய்த்தார். உதட்டில் தேய்த்தார்.

"விடும்மா," என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. "இது என் சொந்த மூஞ்சி."