இளைய நீதிபதியின் பேச்சு

பல் மருத்துவரான என் கணவர் காலையில் காப்பியோடு கைபேசியையும் என் முன்னால் நீட்டினார். "உங்க கோர்ட்டுப் பொண்ணு பின்னிட்டா, பாரேன்."

திரையில், என்னைவிட எட்டு வயது இளையவளான சக நீதிபதி ஒரு கல்லூரி விழா மேடையில் பேசிக்கொண்டிருந்தாள். கையில் காகிதம் இல்லை, குரலில் தடுமாற்றம் இல்லை. "குளக்கரையில குடிசை போட்டிருக்கறவங்க ஆக்கிரமிப்பாளர்கள் இல்ல. போக வேற இடம் இல்லாதவங்க. அவங்கள யாராலயும் அசைக்க முடியாது" என்றாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கணவரும் தன்னை அறியாமல் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். அந்தச் சத்தம் எனக்குள் எங்கோ போய்த் தைத்தது.

கல்லூரி நாளில் பேச்சுப் போட்டிக்கு நான் பெயர் கொடுத்துவிட்டால், மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் போட்டியிடுவார்கள். அப்படிப்பட்டவள், நீதிபதியான நாளிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டேன். மேடை இல்லை, பேட்டி இல்லை, வக்கீல்கள் வரும் விருந்துகளுக்குப் போவதில்லை. தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்று யாராவது சொன்னால்கூட, நாளை நகராட்சிமேல் வழக்கு வந்தால் என்ன ஆவது என்று யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவேன். ஊரில் எல்லோரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு கட்டினார்கள். நான் வாயை மட்டும் கட்டி நல்ல பெயர் வாங்கினேன். "நான் ஊரார் வாயைத் திறக்க வைக்கறவன், நீ உன் வாயையே மூடிக்கிட்டவ" என்பார் கணவர். பதினேழு வருடமாக நாங்கள் சிரித்த வேடிக்கை. அன்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளக்கரைக் குடிசைகளை அகற்றக் கோரும் வழக்கு அவளுடைய நீதிமன்றத்திலேயே நிலுவையில் இருந்தது. நகராட்சித் தரப்பு புகார் கொடுத்தது. நான்காம் நாள் மேலிடத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது: அந்தப் பேச்சு வரம்பு மீறியதா என்று மூத்தவளான நான் அறிக்கை தர வேண்டும்.

மீறியதுதான், சந்தேகமே இல்லை. தீர்ப்பை மேடையிலேயே சொல்லிவிட்டால் எதிர்த்தரப்பு எந்த நம்பிக்கையில் படியேறும்? நீதிபதிக்கும் வாய் உண்டு. சட்டம் ஏழைக்குப் புரியும்படி இல்லை என்று பேசலாம், சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு உட்கார பெஞ்சு இல்லை என்று பேசலாம். தன் மேசையில் காத்திருக்கும் வழக்குக் கட்டைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. இதை மூன்று பத்தியில் எழுதினேன். வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றினால் போதும் என்று அங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. 'இவர் கைதட்டலில் நாட்டம் உள்ளவர். இனி எந்தப் பொது மேடைக்கும் அனுமதிக்கத் தக்கவரல்லர்' என்று நாலாவது பத்தி ஒன்றும் எழுதினேன். பல வருடங்களாக என் கை அவ்வளவு லேசாக ஓடியதில்லை.

வழக்கை மாற்றினார்கள். அவளுக்கு மேடை ஏறத் தடை விதித்தார்கள். ஒரு மாலை, தனக்கு வந்த அறிக்கை நகலோடு என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மொத மூணு பத்தி சரிக்கா. வாய விட்டுட்டேன். அந்த ஜனங்களுக்கே கெடுதல் பண்ணிட்டேன்." கதவு வரை போய்த் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த வீடியோவ நீங்க எத்தன தடவ பாத்தீங்க?"

"விசாரணைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

"சரிக்கா" என்று போய்விட்டாள்.

பதினோரு தடவை. அதில் எட்டு தடவை, கைதட்டல் வரும் இடத்தை மட்டும்.

குளக்கரை வழக்கு என்னிடமே வந்து சேர்ந்தது. முதல் வாய்தாவுக்கு முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். குளித்து, இருப்பதில் நல்ல துணியாக உடுத்தியிருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "அந்தம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். டவாலி அவளை அதட்டி உட்கார வைத்தார். வழக்கு எண்ணை வாசிக்கச் சொன்னேன். அவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால், நீதிபதிகள் உள்ளே வரும் சின்னக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.