ஐம்பத்தொரு நிமிடச் சொல்

ஞாயிற்றுக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்குக் கோகிலா தன் ரேடியோ உரிமக் குறியை மோர்ஸ் தந்திக் குறிப்பில் வழக்கமான வேகத்தில் தட்டி முடித்தாள். பிறகு, அனுப்ப வேண்டிய சொல்லின் முதல் புள்ளிக்காக விசையை அழுத்திப் பிடித்தாள். ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம். ஒரு கோட்டுக்கு மூன்று நிமிடம்.

நானூற்று எழுபத்தைந்து கிலோஹெர்ட்ஸில் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு அனுமதித்திருக்கும் சக்தியே சொற்பம். பலா மரத்துக்கும் சில்வர் ஓக்குக்கும் இடையே அவள் கட்டியிருந்த கம்பியிலிருந்து வெளியேறுவது அதிலும் சொற்பம், ஒரு டார்ச் பல்புக்குக்கூடக் காணாது. அத்தனை மெல்லிய ஒலி இரைச்சலுக்குள் காதில் விழாது. இப்படி மெதுவாக இழுத்து அனுப்பினால்தான் கேட்பவரின் லேப்டாப் திரையில் கோடாகவாவது விழும்.

கேட்பவர் அவள் கணவர் அர்த்தனாரி. அவள் டீச்சராக இருக்கும் மலைக்குக் கீழே, ராசிபுரத்துக்கு வெளியே தம்பியின் தென்னந்தோப்பில், சிக்னல் பிடிக்க மரச்சட்டத்தில் சுற்றிய கம்பியோடு உட்கார்ந்திருப்பார். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். அவள் மேசையோரம் நின்ற பெரிய காயிலும் அவர் கட்டியதுதான். தண்ணீர் டிரம் ஒன்றின்மேல் நூற்றுப்பத்துச் சுற்று. அதை மடியில் வைத்துக்கொண்டே எழுபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி வந்தார். "கைப்புள்ளையக்கூட யாரும் இப்படித் தூக்கிட்டு வரமாட்டாங்க கண்ணு" என்று மலைமேல் சோளக்காடு நிறுத்தத்தில் இறங்கியதும் சொல்லிச் சிரித்தார்.

போன ஞாயிறு அவர் திரையில் சொல் தெளிவாக விழுந்தது. ஆனால் என்ன சொல் என்று அவருக்கு முன்பே தெரியும். தெரிந்த சொல்லைக் கண் தானாகப் படித்துக்கொள்ளும், அது சோதனை ஆகாது. அதனால் இந்த முறை சொல்லை அவளே தேர்ந்தெடுப்பாள். இடையில் போன் பேசக் கூடாது. ஒரு மணிக்கு அவரே கூப்பிட்டு, படித்ததைச் சொல்லுவார்.

அவள் தேர்ந்தெடுத்த சொல், வரலே. ஆங்கில எழுத்தில் ஆறு: வி, ஏ, ஆர், ஏ, எல், இ. இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் ஐம்பத்தொரு நிமிடம். ‘வரலீங்க’ என்றுதான் அவரிடம் சொல்லுவாள். ஆனால் அந்த ‘ங்க’வுக்கு மட்டும் இன்னும் இருபத்தெட்டு நிமிடம் பிடிக்கும். வெட்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை இடமாறுதல் கலந்தாய்வு. ராசிபுரம் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் காலி. நான்கு வருடமாக அதற்காகத்தான் அவர் காத்திருக்கிறார், வீட்டுக்கு வெள்ளைகூட அடித்துவிட்டார். கோகிலா போகப்போவதில்லை. ஏன் என்று அவளுக்கே முழுதாகத் தெரியவில்லை. பள்ளி, பிள்ளைகள் என்று காரணம் சொல்லலாம். உண்மையில், யாரும் குறுக்கே பேசாத சாயங்காலங்களில் தனக்கென்று ஒரு நினைப்பு ஓடுவதை இந்த மலையில்தான் முதல்முறை கவனித்தாள். இதைப் போனில் எப்படிச் சொல்வது? ஒரு வாரமாக முயன்றாள். "சாப்ட்டயா கண்ணு?" என்று அவர் கேட்டதும் மற்றதை விட்டு, குழம்பு என்னவென்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.

இந்தச் சொல்லைப் போய் இவ்வளவு இளைத்த கம்பியில் அனுப்புவானேன்? போய்ச் சேராமல் போகட்டும் என்றா? மூன்றாவது நிமிடம் அப்படி ஒரு சந்தேகம் வந்தது. விசையை விடவில்லை.

‘வி’ முடிந்தது. ‘ஏ’ முடிந்தது. பதினெட்டாம் நிமிடம், எழுத்துக்கு நடுவில் விட வேண்டிய இடைவெளி. இடைவெளி முடிந்து ‘ஆர்’ தொடங்கியபோது மீட்டர் முள் அசையவே இல்லை.

வெளியே ஓடினாள். மரவள்ளிக் கிழங்குக் காட்டின் நடுவே, வீட்டை வாடகைக்கு விட்டிருந்த ராமாயி, பிடுங்கிய குச்சிக்கிழங்குச் செடியைக் கையில் தொங்கவிட்டு நின்றிருந்தாள். கிழங்கோடு கிழங்காகச் செம்புக் கம்பிகள் சுருண்டு தொங்கின. ஆன்டெனாவுக்குத் துணையாக அவள் மண்ணுக்குள் பரப்பிய பதினாறு தரைக்கம்பிகளும் சேரும் முடிச்சு அதுதான்.

"ஏனுங் டீச்சர், இந்தச் செடிதான் பருத்திருந்துச்சு. உங்களுக்குத்தான் வேக வெக்கலாம்னு புடுங்குனனுங்க. வேரு வரமாட்டீங்குதேன்னு நல்லா இழுத்தனுங்க!"

"அது வேரில்லீங்க ராமாயி."

"துணி காயப்போடாத கொடி ஒண்ணு மேல. தண்ணி ஊத்தாத வேரு ஒண்ணு கீழ. என்ன வெவசாயமோ போங்க!"

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. முடிச்சைத் திரும்பக் கட்டப் பத்து நிமிடம் போதும். முதலிலிருந்து அனுப்பலாம். அவள் கட்டவில்லை. அறுந்தது நல்லதுதான் என்று ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதி வெட்கமாகவும் இருந்தது. உலை வைத்தாள். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

ஒரு மணிக்குப் போன் அடிக்கவில்லை. பைக் சத்தம் கேட்டது.

அர்த்தனாரி ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. முகமெல்லாம் பனி ஈரம். போனில் பிடித்த திரைப் படத்தை நீட்டினார். மூன்று புள்ளி, ஒரு கோடு. ஒரு புள்ளி, ஒரு கோடு. அதற்குப் பின் வெறும் இரைச்சல்.

"வி, ஏ. வா. சரிதானே? இன்னும் ஏதாச்சும் வருமான்னு இருபது நிமிசம் பாத்தேன். வல்ல. கெளம்பிட்டேன்."

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பதினெட்டு வருசத்துல என்னய வான்னு நீ கூப்பிட்டதே இல்ல கோகிலா. வாங்கம்பே, எப்ப வாரீங்கம்பே. இதுல ங்க இல்ல. வளைவெல்லாம் அதையேதான் நெனச்சுட்டு வந்தேன்."

இதை அப்படியே விட்டுவிடலாம். செவ்வாய்க்கிழமை வரை. அவர் கண்களைப் பார்த்தாள். கலந்தாய்வுக்குப் பிறகு வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிந்தால், ஆசையோடு ஓடி வந்ததற்காக இவர் தன்னை நினைத்தே வெட்கப்படுவார்.

"இன்னும் நாலெழுத்து இருக்குதுங்க. கம்பி அறுந்துபோச்சு."

"என்ன எழுத்து?"

"வரலே." மூச்சை இழுத்துக்கொண்டாள். "கவுன்சிலிங்குக்குப் போகலீங்க. இங்கயே இருக்கறனுங்க."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கிழங்குக் காட்டுக்குப் போய், பிய்ந்த முடிச்சின் பக்கத்தில் முதுகைக் காட்டிக் குந்தினார். அவள் அருகில் போய் நின்றாள்.

"சுண்ணாம்பு அடிச்ச வாசமே இன்னும் போகலியே கண்ணு" என்றார், மண்ணைப் பார்த்தபடி.

"தெரியுமுங்க."

"என்மேல கோவமா?"

"இல்லீங்க."

"அப்ப அந்த ரெண்டெழுத்து? அது பொய்யா?"

எழுத்தைக் கோகிலா அனுப்பியது வேறு சொல்லுக்காக. ஆனால் பைக் சத்தம் கேட்டபோது உள்ளே எழுந்தது என்னவென்று தேடிப் பார்த்தாள்.

"அது பொய்யில்லீங்க. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

அவர் சட்டைப் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி, மோட்டாருக்குக் கட்டுவதுபோல் நெருக்கமாக முறுக்கினார். "இத இரும்புக் குச்சியில கட்டோணும், சும்மா முறுக்கி உட்டா நிக்காது" என்றார். அடுத்த கம்பியை எடுத்துக்கொண்டே, "சனிக்கெழம கடைய மத்தியானமே சாத்திட்டு மேல வந்தரலாம். ஞாயித்துக்கெழம அங்க எவனும் மோட்டார் கொண்டாரதில்ல" என்றார். குரலில் வருத்தம் போகவில்லை. கை மட்டும் நிற்காமல் முறுக்கிக்கொண்டிருந்தது.

ராமாயி வேக வைத்த கிழங்கை வேலிக்கு மேலாக நீட்டிவிட்டுப் போனாள். கோகிலா இலை போட்டாள். வாசலுக்கு வந்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"வா" என்றாள் சத்தமாக. அவர் திரும்புவதற்குள் வாய் தானாகவே முடித்துவிட்டது. "ங்க."

"அட, இருபத்தெட்டு நிமிசம் வீண்!" என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டபடி அவர் எழுந்தார்.