பட்டியலில் வராத மாத்திரை

அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டதும் தங்கை இஸ்திரிப் பெட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூடவே கிளம்பினாள். "உன்னை யாரு கூப்பிட்டா?" என்று சூப்பர்வைசர் கேட்டான். "யாரும் கூப்பிடல, நானாத்தான் போறேன்" என்றாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவன் வழிவிட்டான்.

விஷயம் இதுதான். இருவருக்கும் ஒரே தையல் கம்பெனியில் வேலை. அக்கா மெஷினில், தங்கை இஸ்திரியில். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கம்பெனி டாக்டரிடம் போனாள். அவருக்கு மிட்டாய் டாக்டர் என்று பேர், யார் போனாலும் கை நிறைய மாத்திரை கொடுப்பார். "லீவெல்லாம் எதுக்கும்மா, காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு போட்டுக்கிட்டு மெஷின்ல உட்காரு" என்றார். உட்கார்ந்தாள். வலி போன இடம் தெரியவில்லை. உடம்பில் ஒரு கதகதப்பு, மனசில் லேசாக ஒரு மிதப்பு. போகப் போக ரெண்டு கேட்கவில்லை; அதை நாலாக்கியதும் அந்த மகராசன்தான். லைனிலேயே அதிகம் தைத்தவள் என்று மேனேஜரிடம் கைதட்டுகூட வாங்கினாள்.

போன மாதம் அரசாங்கம் அந்த மாத்திரையைச் சாதாரண மருந்துப் பட்டியலிலிருந்து தூக்கிப் போதைமருந்துப் பட்டியலில் போட்டது. நல்ல காரியம்தான், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் அதை விழுங்கிக்கொண்டிருந்த ஜனங்களை என்ன செய்வது என்று அந்தப் புண்ணியவான்கள் ஒரு நிமிஷம் யோசித்தார்களா? அதுவரை "வாங்கம்மா" என்ற மருந்துக்கடைக்காரர் இப்போது திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மிட்டாய் டாக்டர் கையை விரித்தார். இதைச் சட்டென்று விடக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும் என்று அந்தப் படித்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அக்கா படாத பாடு பட்டாள். ஓயாத கொட்டாவி, மூக்கு ஒழுகல். வேர்த்துக் கொட்டும்போதே மயிர்க்கூச்செறியும். படுத்தால் கால் தானாக உதறும். மிச்சமிருந்த மாத்திரையைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவள், மெஷின் மேலேயே சரிந்துவிட்டாள். சிறுநீரைச் சோதித்துப் போதைமருந்து என்றார்கள். உடம்புக்கு முடியாதவள் என்று முடிவானால் லீவும் வைத்தியமும் உண்டு. போதைக்காரி என்று முடிவானால் வேலை போய்விடும். வேறெந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது. அதற்குத்தான் இந்த விசாரணை.

மேனேஜருக்குப் பக்கத்திலேயே மிட்டாய் டாக்டர் உட்கார்ந்து சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இந்த மாத்திரை பழக்கம் உண்டா?" என்று மேனேஜர் கேட்டார்.

"நல்லாப் பழக்கம் சார்" என்றாள் அக்கா, உதவியாக இருக்கட்டுமே என்று. "ரெண்டு வருஷமாப் பழக்கம்."

அட பாவி மகளே. பக்கத்து வீட்டுக்காரியை எனக்கு நல்லாப் பழக்கம் என்று சொல்வோமே, அவள் சொன்னது அந்தப் பழக்கம். எனக்குப் புதுசு இல்லை, ஒத்துக்கொண்ட மருந்துதான் என்று சொல்ல வந்தாள். மேனேஜர், "பழக்கம் உண்டு என ஒப்புக்கொண்டார்" என்று எழுதினார்.

"அந்த வரிய அடிச்சிடுங்க சார்" என்று தங்கை மேசையில் கையை ஊன்றினாள். "அவ சொன்னது வேற அர்த்தம்."

"அவங்க வாயாலதானம்மா சொன்னாங்க."

"டாக்டர் வாய் என்ன ஆச்சு? எழுதிக் குடுத்தது அவருதான?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அப்ப அது சாதாரண மாத்திரைம்மா. இப்ப சட்டம் மாறிடுச்சு."

"சட்டம்தான சார் மாறுச்சு. எங்கக்கா உடம்பு அதே உடம்புதான?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டாள். ஆனால் அதற்கெல்லாம் மானம் வேண்டுமே. இருவரையும் வெளியே போய் உட்காரச் சொன்னார்கள்.

சற்று நேரத்தில் டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு அக்காவின் மடியில் ஒரு மாத்திரை அட்டையைப் போட்டார். "இத போட்டுக்கோ. அதே மாதிரிதான் கேக்கும். இன்னும் பட்டியல்ல வரல, சோதனையிலயும் தெரியாது."

தங்கைக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அட்டையைப் பறித்துக்கொண்டு உள்ளே போய் மேனேஜர் முன்னால் போட்டாள். "இத இப்பத்தான் குடுத்தாரு. இன்னும் பட்டியல்ல வரலையாம். இவர விசாரிங்க சார் முதல்ல."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பின்னாலேயே ஓடி வந்த டாக்டரை முறைத்தார். டாக்டர் முகம் வெளிறியது. ஜெயித்துவிட்டோம் என்றே தங்கை நினைத்தாள்.

அப்போது அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மேனேஜரையோ டாக்டரையோ அவள் பார்க்கவில்லை.

"அதக் குடுடி."

"சும்மா இருக்கா. அவங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். குடுடி. உன் கால்ல வேணா விழறேன்."

யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்டு நிற்காத அக்கா, தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள், சொன்னபடியே தரையில் மண்டியிட்டாள். மேனேஜர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார். இனி அவர் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

யாருடைய கழுத்தைப் பிடிப்பது என்று தங்கைக்குத் தெரியவில்லை. அட்டையைக் கிழித்து ஒரு மாத்திரையை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். மேனேஜரின் தண்ணீர் பாட்டிலை அவரைக் கேட்காமலே எடுத்துத் திறந்து, அக்காவின் வாயருகே பிடித்தாள்.