மேட்டுத் தெரு வீட்டின் குமட்டல்

மண்சரிவு நடந்த வருடத்துக்கு அடுத்த சித்திரையில், ஹட்டனில் விற்பனைக்கு வந்த வீடுகள் வாந்தியெடுக்கத் தொடங்கின. சும்மா பார்க்க வந்தவர்களுக்கோ வாடகைக்குக் கேட்டவர்களுக்கோ அவை எதுவும் செய்யவில்லை. வாங்கும் எண்ணத்தோடு ஒருவர் வாசற்படியைத் தாண்டினால் மட்டும் சுவர்கள் ஒருமுறை மூச்சை உள்ளிழுக்கும். பிறகு சமையலறைத் தொட்டியின் ஓட்டையிலிருந்தோ தரையின் வெடிப்பிலிருந்தோ உள்ளே கிடந்தது வெளியே வரும். நகரசபை ஆட்கள் வந்து குழாய்களைத் திறந்து பார்த்தார்கள். குழாய்களில் கோளாறு இல்லை. ஒரு மாதத்துக்குள் நகரம் பழகிக்கொண்டது. மரக்கறி விலையைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூட இதைப் பற்றிப் பேசவில்லை. புரோக்கர் கஜேந்திரன் மட்டும் வாங்க வருபவர்களுக்கென்று தன் ஆட்டோவில் றப்பர் சப்பாத்துகள் வைத்துக்கொண்டான், பிள்ளைகளின் அளவிலும்.

பூரணியும் அவள் கணவன் நிரோஷனும் வீடு தேடியது அந்த வருடத்தில்தான். பூரணி கொட்டகலையில் கணித ஆசிரியை. நிரோஷனுக்கு ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில், இரண்டு பிள்ளைகளோடும் பூரணியின் அக்கா நாகலெட்சுமியோடும் இருந்தார்கள். லயத்தின் பின்னால் ஓடும் சாக்கடைக் கான் அடைத்துக்கொள்ளும் போதெல்லாம் அடுத்த காம்பராக்களின் கழிவு இவர்கள் அடுப்படிக்குள் வந்தது. கடைசி மழையில் அது பிள்ளைகளின் பாய்வரை வந்தது. சின்னவள் வயிற்றோட்டத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து எலும்பாகத் திரும்பினாள். இனி இங்கே இல்லை என்று பூரணி அன்றைக்கு முடிவு செய்தாள். நாகலெட்சுமி நல்லது என்றாள், வீடு பார்க்க மட்டும் வர மறுத்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளாமல், கொழுந்து பறித்துத் தங்கையைப் படிக்க வைத்தவள். அதற்கும் முன்னால், ஒன்பது வயதில், ஊரில் பெரிய மனிதராக நடமாடிய ஒரு சொந்தக்காரர் அவளை நகரத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார். ஐந்து வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்தபோது எந்த வீடு என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அப்போது தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் யாரோ ஒருவர் வீட்டில்தான் இருந்தார்கள்.

முதலில் கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீட்டைப் பார்த்தார்கள். கடை கிட்டே, பாடசாலை கிட்டே என்று கஜேந்திரன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வீடு மீன் தலைகளையும் சாராயப் போத்தல்களையும் அழுகிய கோழிக் குடல்களையும் கக்கியது. வீட்டுக்காரர் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, நேற்றுக் கொஞ்சம் அஜீரணம் என்றார். அடுத்தது டிக்கோயா போகும் வழியில், ஓடையை மூடிக் கட்டிய புது வீடு. மாபிள் தரை, வெள்ளைச் சுவர். அது முதலில் சேற்றையும், பிறகு தவளைக் குஞ்சுகளையும், கடைசியில் இந்த நிலம் சரியக்கூடும் என்று எழுதிய சிவப்புப் பலகை ஒன்றையும் வெளியே தள்ளியது. விற்பவர் பலகையைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விலையைத் தொடர்ந்து பேசினார். பூரணி சப்பாத்துகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள். லயம் வந்து சேரும்வரை மூக்கிலிருந்து சேலைத் தலைப்பை எடுக்கவில்லை.

மூன்றாவதாக, கோயிலுக்கு மேலே மேட்டுத் தெருவில், யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து ஓய்வுபெற்ற துரைராசா ஐயாவின் வீடு விற்பனைக்கு இருப்பதாகக் கஜேந்திரன் சொன்னான். அவரும் மனைவி ஜெகதீஸ்வரியும் கனடாவிலிருக்கும் மகன் மயூரதனிடம் போகிறார்கள். காய்ந்த நிலம், கற்சுவர், நல்ல தண்ணீர். நகரத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. அதுவரை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி எழுந்து, தானும் வருவதாகச் சொன்னாள்.

மேட்டுத் தெருவில் பூரணியும் நிரோஷனும் முன்வாசலால் உள்ளே போனார்கள். நாகலெட்சுமி வீட்டைச் சுற்றிப் போய்ப் பின்கதவால் வந்தாள். அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. கால்கள் அப்படித்தான் போயின. ஜெகதீஸ்வரி அம்மா தங்களுக்குப் பீங்கான் கோப்பையிலும் வந்தவர்களுக்குக் கடதாசிக் கப்பிலும் தேநீர் கொண்டுவந்தார். உட்காரச் சொன்ன கதிரைகளின் மேல் பழைய பத்திரிகைத் தாள் விரித்திருந்தது.

"தோட்டப் பக்க ஆக்களோ?" என்று கேட்டார். "குறை நினையாதேங்கோ, அக்கம்பக்கத்தவைக்கும் நான் சொல்லவேணும். மற்ற வீடுகளைப்போல எங்கட வீடு ஒருநாளும் சத்தியெடுக்காது. நாங்கள் துப்பரவான ஆக்கள்."

சுவர்கள் மூச்சை உள்ளிழுத்தன. சமையலறையிலிருந்து சோறு வந்தது. பழைய சோறு, புளித்தது, பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்து, கட்டி கட்டியாக, அதில் நெளியும் புழுக்களோடு, வருடக்கணக்கில் ஒரு பிள்ளைக்குப் போட்ட சோறு கூடத்து வாசல்வரை வழிந்தது. அதன் பின்னால் விளிம்பு நெளிந்த ஓர் அலுமினியத் தட்டும், ரிப்பன் கழற்றாத ஒரு சின்னப் பின்னலும் வந்தன. நாற்றத்தில் நிரோஷன் வாசலுக்கு ஓடினான். துரைராசா ஐயா பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அதன் பிறகு ஒரு பக்கமும் புரளவில்லை.

நாகலெட்சுமி சமையலறை வாசலில் நின்றபடி, "அது எந் தட்டுங்க" என்றாள். "முடியும் என்னோடதுதான். வந்த அன்னைக்கே பேன் இருக்குன்னு வெட்டுனீங்க."

ஜெகதீஸ்வரி அம்மா அவளை அப்போதுதான் முகம் பார்த்தார். "கிளியோ?" என்றார்.

"எம் பேரு நாகலெட்சுமிங்க. சாமி பேரச் சொல்லி வேலைக்காரிய ஏச முடியாதுன்னு நீங்கதான் மாத்துனீங்க."

"உன்னை நாங்கள் எங்கட பிள்ளை மாதிரித்தானே வச்சிருந்தனாங்கள்" என்றார் ஜெகதீஸ்வரி அம்மா. வீடு இரண்டாவது முறையும் கக்கியது. இந்த முறை அவருடைய காலடியில்.

பூரணி அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தன் பாடப் புத்தகங்களும் வெள்ளைச் சீருடையும் எந்தக் கையால் வந்தனவோ, அந்தக் கை இந்தச் சோற்றைத் தின்றிருக்கிறது என்று நினைத்தபோது அதை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வேறு இடம் பார்க்கலாம், கினிகத்தேனைப் பக்கம் போகலாம், பொல்பிட்டியவுக்கே போனாலும் சரி என்றாள். நாகலெட்சுமி மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டு, இதையே வாங்கு என்றாள்.

"இந்த வீட்டுல ஒனக்கு எப்புடிக்கா சோறு எறங்கும்?"

"மேசையில ஒக்காந்து திம்பேன். நல்ல வீடு பூரணி. நான்தான தேய்ச்சேன், எனக்குத் தெரியாதா. எங்கயும் ஒழுகாது. பிள்ளைங்களுக்குச் சீக்கு வராது." பிறகு சொன்னாள்: "ஆனா கழுவித் தரச் சொல்லு. நான் கழுவ மாட்டேன்."

விற்பவர் கழுவித் தர வேண்டும் என்பது ஒன்றுதான் இவர்கள் வைத்த நிபந்தனை. மயூரதன் கனடாவிலிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். வாந்தியெடுத்த வீட்டுக்கு வேறு ஆளும் வரவில்லை. ஜெகதீஸ்வரி அம்மா வேலைக்கு ஆள் தேடினார். கஜேந்திரன் அனுப்பிய இரண்டு பேர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அவரே சேலையைச் செருகிக்கொண்டு முழங்காலில் நின்று வழித்தார். துரைராசா ஐயா தண்ணீர் சுமந்தார். அழுகிய சோறு அம்மாவின் நகங்களுக்குள் ஏறியது. மூன்று தரம் கழுவிய இடத்திலும் நான்காம் தரம் ஊறியது. நாகலெட்சுமி தாள் விரிக்காத கதிரையில் உட்கார்ந்து பார்த்தாள். இதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருடம் நினைத்திருந்தாள். இப்போது அந்தக் கிழட்டு முதுகு குனிந்து நிமிர்வதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. அந்தம்மாமீதும், பத்திரிகை படித்த ஐயாமீதும், பார்த்துக்கொண்டிருக்கும் தன்மீதும். பாதியில் எழுந்து வீட்டுத் தோட்டத்துப் பக்கம் போய், தேசிக்காய் மரத்தடியில் அவளும் வாந்தியெடுத்தாள். திரும்பி வந்து, "போதும், போங்க" என்றாள். மிச்சத்தைப் பூரணியும் நிரோஷனும் கழுவினார்கள்.

இவர்கள் குடிவந்த வாரத்தில் மேட்டுத் தெருக்காரர்கள் சிலர் தங்கள் வாசல்களில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அடுத்த வருடம் அவர்களில் ஒரு சட்டத்தரணியும் ஒரு நகைக்கடைக்காரரும் ஓய்வுபெற்ற ஓர் அதிபரும் வீடுகளை விற்கப் போட்டார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று இந்த விஷயத்தில் தெருவில் வேறுபாடு இருக்கவில்லை. எல்லா வீடுகளும் சின்னத் தட்டுகளையே கக்கின. கஜேந்திரன் அவற்றைப் பழைய இரும்பு வாங்குபவனுக்குக் கிலோக் கணக்கில் கொடுத்தான். வீட்டு விலை கொஞ்சம் இறங்கி, பெருநாளுக்குப் பிறகு மறுபடி ஏறியது.

பூரணியின் வீட்டுக்கு இப்போது வாங்க யாரும் வராமலே சில பிற்பகல்களில் குமட்டல் வருகிறது. சுவர் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கால்களைக் கதிரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுப்பாடத்தைத் தொடர்கிறார்கள். நிரோஷன் இருந்தால் நிரோஷன், பூரணி இருந்தால் பூரணி, தும்புத்தடியும் வாளியுமாகக் கழுவப் போகிறார்கள். நாகலெட்சுமி எழுவதில்லை. டீவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறாள்.