உம்மு குதைபா எழுதியது

“நேத்து உன் பையனுக்காக ரெண்டு ரக்அத் அதிகமாத் தொழுதேன், உம்மு குதைபா. மனச விட்டுடாத,” என்று சுஹைர் என் காதருகே சொன்னாள். ஆசிரியைகள் அறையில் மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. சுஹைர் மார்க்கப் பாடம் நடத்துகிறவள். பதினோரு வருடமாக என் பக்கத்து நாற்காலி. கெட்ட எண்ணமே வராதவள்.

“எதுக்கு?” என்றேன்.

“அதான் பிளாக்ல எழுதியிருந்தியே.”

“நான்தான்னு யாரு சொன்னா?”

அவள் சிரித்தாள். “யாரு சொல்லணும்? இந்த தஃபீலா ஊருல எத்தன குதைபா இருக்கான்? அதுல எத்தன பேரோட அம்மா சயின்ஸ் டீச்சரு?”

பயமோ கோபமோ வந்திருக்க வேண்டும், வரவில்லை. மணி அடித்தது, ஒன்பதாம் வகுப்புக்குப் போய், தண்ணீரில் வைத்த பென்சில் ஏன் உடைந்தது போலத் தெரிகிறது என்று நடத்தினேன். ஒளி காற்றில் ஒரு வேகத்திலும் தண்ணீரில் வேறு வேகத்திலும் போகிறது, அதனால் திரும்புகிறது. படம்கூடப் பிசகாமல் வந்தது.

கல்வி அலுவலகத்தில் சனிக்கிழமைகளில் எங்களுக்குக் கணினி வகுப்பு நடந்தது. கடைசி வேலையாக ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கி ஐந்து கட்டுரை எழுத வேண்டும். நான் குக்கர் ஏன் விசிலடிக்கிறது, ஆலிவ் இலையில் காலையில் உறைபனி எப்படிப் படிகிறது என்று நான்கு எழுதினேன். ஒவ்வொன்றையும் மூன்று பேர் படித்ததாக எண்ணிக்கை காட்டியது; அதில் இரண்டு தடவை நானே. பயிற்றுநராக வந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்: “மிஸ், குக்கரப் பத்தி யாரு படிப்பா? உங்க வீட்டப் பத்தி எழுதுங்க.”

ஐந்தாவதாக மகனைப் பற்றி எழுதினேன். குதைபாவுக்குப் பதினேழு வயது, பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வருடம். அவன் தொழுகை விரிப்பு வெல்வெட். தினமும் தொழுகிறவரின் விரிப்பில் முழங்கால் படும் இரண்டு இடமும் நெற்றி படும் ஓரிடமும் நாளடைவில் படிந்து பளபளக்கும். அவனுடையதில் இழைகள் எல்லாம் கடையில் வாங்கியது போல நிமிர்ந்து நின்றன. கேட்டேன். அவன் மறைக்கவில்லை. “கை கால் கழுவி ஒளு எடுக்கறேன், கதவச் சாத்திக்கறேன், அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருக்கேன். வார்த்தையெல்லாம் வருதும்மா, யாருகிட்ட சொல்றேன்னுதான் தெரியல. அப்பாகிட்ட சொல்லிடாத.” சொல்ல மாட்டேன் என்றேன்.

தெரியாத கேள்விக்கு வெற்றுத்தாள் தருகிற மாணவி, பக்கத்தில் பார்த்து எழுதுகிறவளைவிடக் கல்விக்கு அருகில் இருக்கிறாள். என் மகன் எனக்கு வெற்றுத்தாள் தந்திருக்கிறான். திட்டாமல் அதை வாங்கி வைத்திருக்கிறேன். என் ஐந்து வேளையையும் விடாமல் தொழுதுகொண்டு காத்திருக்கிறேன். இப்படி எழுதினேன். அப்போது எனக்கு அது உண்மையாகவே பட்டது, இப்போதும்தான். ஒரு வாரத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் படித்தார்கள். கருத்து எழுதிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடக் கற்றுக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

தவறு எங்கே நடந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், வலைப்பூ என் பெயரைக் கேட்ட கட்டத்தில். இன்திஸார் என்று என் பெயரைப் போட்டுக் குடும்ப விஷயம் எழுதினால் ஊரில் கணவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அதனால் எங்கள் பெண்கள் எல்லோரும் செய்வதையே செய்தேன்: மூத்த மகனின் பெயரைச் சொல்லி, இன்னாரின் தாய் என்று போட்டேன். உம்மு குதைபா. பதினேழு வருடமாக எல்லோரும் அப்படியே கூப்பிட்டதில், அதற்குள் இன்னொருவனின் பெயர் இருப்பதே மறந்துவிட்டிருந்தது. எனக்குத் திரை வேண்டும் என்று அவனையே எடுத்து முன்னால் தொங்கவிட்டிருந்தேன்.

சுஹைர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டுரையை அழித்தேன். மூன்று சொடுக்குதான். ஆனால் அழிப்பது அந்தப் பக்கத்தை மட்டும்தான் எடுக்கும், படித்தவர்களிடமிருந்து எடுக்காது. சாயங்காலம் நகராட்சி அலுவலகத்திலிருந்து திரும்பிய என் கணவர் ஹிக்மத், சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். யாரோ அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

“ஆபீஸ்ல ஒருத்தன் கூடத் தப்பாப் பேசல,” என்றார். “எல்லாரும் தோள்ல கை போட்டு ஆறுதல் சொல்றாங்க. அதத்தான் தாங்க முடியல.” காகிதத்தைத் திரும்ப மடித்துக்கொண்டே, “வெள்ளிக்கிழமை அவன் என்கூட ஜும்ஆ தொழுகைக்கு வரட்டும். எல்லாரும் பாக்கட்டும்,” என்றார்.

குதைபா டியூஷனிலிருந்து ஏற்கெனவே விஷயம் தெரிந்துதான் வந்தான். காலணியைக் கழற்றி வரிசையாக வைத்தான்.

“சொல்ல மாட்டேன்னு சொன்ன.”

“அப்பாகிட்ட நான் சொல்லல, கண்ணு. யாரு பேரையும் போடல...”

“உன் பேரப் போடல,” என்றான். அப்பா வெள்ளிக்கிழமை வரச் சொன்னதற்கு மட்டும் “சரிப்பா” என்றான். அன்றிலிருந்து அவன் அறைக் கதவைச் சாத்துவதில்லை. தொழுகை நேரத்தில் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பது கூடத்திலிருந்தே தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் போனபின் மொட்டைமாடிக்கு ஏறினேன். கீழே பள்ளிவாசல் நிறைந்து, தெருவிலும் பாய் விரித்து வரிசைகள் நின்றன. குதைபாவைக் கண்டதும் இரண்டு பேர் விலகி, தேவைக்கு மேலேயே இடம் விட்டார்கள். ஒருவர் அவன் முதுகைத் தட்டினார். அவன் அப்பாவுக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் போய் நின்றான். அவன் நிற்க வேண்டும் என்று நினைத்தேனா, வேண்டாம் என்று நினைத்தேனா, எனக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் தொழுகை தொடங்குவதற்கான அழைப்பு, இகாமத், முடிந்தது. குதைபா ஓர் அடி பின்னால் வந்தான். குனிந்து காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு தெருச் சரிவில் இறங்கி நடந்தான். ஓடவில்லை.

தொழுகை வரிசையில் இடைவெளி இருக்கக் கூடாது. ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகத் தோளோடு தோள் உரச ஓர் அடி நகர்ந்தார்கள். அவன் அப்பாவும் தலையைத் திருப்பாமல் ஓர் அடி நகர்ந்தார். இடம் மூடிக்கொண்டது.