பதினேழாவது கேள்வி

அன்றைய கூட்டத்தில் பதினேழாவது கேள்வியைக் கேட்டவர் மேல் சின்னவளுக்கு எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். வலைப்பதிவு எழுதும் செயலியும் அதை வெளியிடும் சர்வரும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று விதி எழுதுவது அவள் வேலை. அதில் ஓட்டை தேடுவது, கேள்வி கேட்ட அந்தப் பரிசோதகரின் வேலை. அலுவலகத்தில் அவருக்கு நச்சரிப்பு என்றே பெயர்.

“இன்னும் வெளியிட வேண்டாம், வரைவுதான்னு குறி போட்டுப் பதிவை அனுப்புறாங்க. சர்வருக்கு அந்தக் குறி புரியலை. அப்ப?”

“புரியாத குறியைக் கண்டுக்காம விட்டுடலாம்னு எழுதியிருக்கேனே, கண்ணு தெரியலையா?”

“விட்டுட்டா பதிவு வெளியாயிடுமே மேடம்?”

“ஆனா ஆகட்டும்! ஒவ்வொரு குறிக்கும் சர்வர் உட்கார்ந்து அழுதுட்டிருக்குமா?”

கூட்டமே சிரித்தது. விதி அப்படியே நிலைத்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் மெயிலுக்கு அக்காவின் புதுப் பதிவு வந்தது. அக்கா கதை எழுதுவாள். வெளியானதும் சொந்தபந்தம் எல்லாருக்கும் மெயில் போய்விடும். சின்னவள் சாவகாசமாகத் திறந்தாள். ‘மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?’

ஐயோ! அக்காவுக்குப் போன் போட்டாள்.

“உனக்கு யாருடி சொன்னா?” அக்கா பதறினாள்.

“நீதானே எழுதியிருக்கே!”

“அது வரைவுடி! குறி போட்டுத்தான் வச்சேன். வெள்ளிக்கிழமை நேர்ல போய், அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு சொல்லணும்னு இருந்தேனே...”

சின்னவள் நச்சரிப்பின் மேசைக்கு ஓடினாள். அவர் கடகடவென்று தேடிப் பார்த்தார். அக்காவின் சர்வர் நேற்றுதான் புது விதிக்கு மாறியிருந்தது; வரைவுக் குறி புரியாமல், அதை விட்டுவிட்டுப் பதிவை வெளியிட்டிருந்தது.

“விதிப்படிதான் நடந்திருக்கு மேடம்.” அவர் குரலில் துளி கேலி இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. பதிவை உடனே அழித்தார்கள். போன மெயிலை யார் அழிப்பது?

போன் அடித்தது. அம்மா.

“பெரியவ புதுசா ஒண்ணு எழுதியிருக்காளே, படிச்சியா? எனக்கு என்னமோ படபடன்னு வருது. கதைதானேடி அது?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“அக்கா இன்னிக்கே அங்க வருவாம்மா.”

“அப்ப அது கதை இல்லை,” என்றாள் அம்மா.